மூன்றாவது பெயர்

அலுமினியப் பேசினை என் மேசைமேல் டங்கென்று வைத்தார் மீன்காரம்மா. உள்ளே மீன். அதை மீன் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். வயிறு வெடித்து, தோல் உரிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. நாற்றம் முதலில் என் மூக்கில் ஏறியது. பிறகு ஏசி அதை வாங்கிக் கடை முழுக்கப் பரிமாறியது. டிவி பார்த்துக்கொண்டிருந்த புதுமணத் தம்பதி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

“பாரு. நல்லா குனிஞ்சு பாரு. நீ என் தலையில கட்டுன பெட்டி செஞ்ச வேலை இது” என்றார்.

நான் விற்பது ஃப்ரீசர். வீட்டுச் சாமான்கள் விற்கிற பெரிய கடை எங்களுடையது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால் நேர் எதிரே, மூடியைத் தூக்கித் திறக்கிற பெட்டிகள் வரிசையாக நிற்கும். அந்த வரிசை என் ராஜ்ஜியம். மீன்காரம்மாவுக்கு நடுத்தர அளவில் ஒரு பெட்டியை விற்றதும் நான்தான். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று அவர் கேட்டது நினைவிருக்கிறது, எல்லாரும் கேட்பதுதான். நான் சொன்னதும் நினைவிருக்கிறது, எல்லாருக்கும் சொல்வதுதான்.

“ஒரு பகல் பூரா தாங்கும்க்கா. நான் பொறுப்பு.”

இப்போது அந்த வார்த்தையைத்தான் அவர் என் முகத்தில் விட்டெறிந்துகொண்டிருந்தார்.

“மூணு நாளைக்கு முன்ன காலையில போச்சு கரண்டு. ஐஸ் வாங்கிப் போடட்டுமான்னு என் மக கேட்டா. வேணாம்டி, அந்தப் பொண்ணு பொறுப்புன்னு சொல்லியிருக்கு, மூடியைத் திறக்காம இருந்தா போதும்னு சொன்னேன். சாயங்காலம் திறந்து பாக்குறேன், எல்லாம் தண்ணியில மிதக்குது. ஒரு ஹாஸ்டலுக்குப் போக வேண்டிய சரக்கு. வருஷம் பூரா எங்கிட்ட வாங்குற இடம். இனிமே உன் மீனே வேணாம்னுட்டாங்க.”

“அக்கா, ஒரு நிமிஷம் உக்காருங்க. சர்வீஸ்ல சொல்லி உடனே ஆள—”

“அக்காவா? யாருக்கு யாருடி அக்கா?”

கடைக்குள் நுழைகிற பெண்கள் எல்லாரும் எங்களுக்கு அக்காதான், ஆண்கள் எல்லாரும் அண்ணன்தான். பில் போட்டுப் பெட்டி வண்டியில் ஏறும்வரை அந்த உறவுக்கு ஒரு குறையும் வராது.

“வக்கீலைப் பாத்துட்டேன். கேஸ் போடப்போறேன்” என்றார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது கொஞ்சம் நிம்மதிதான் வந்தது. போடட்டும். கடைக்கு வக்கீல் இருக்கிறார், கம்பெனிக்கு இன்னும் பெரிய வக்கீல் இருப்பார். இரண்டு பேரும் கோட்டு போட்டுக்கொண்டு அடித்துக்கொள்ளட்டும். “கடை மேல போடுறது உங்க இஷ்டம்க்கா” என்றேன்.

“கடை மேல எதுக்குப் போடணும்? கடையா எங்கிட்டப் பேசுச்சு? கேஸ் உன் மேல.”

இடுப்பிலிருந்து உத்தரவாத அட்டையை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். என் பெயர், என் செல்போன் நம்பர். என் கையெழுத்தில், கொஞ்சம் அழகாகவே எழுதியிருந்தேன்.

கதவுவரை போனவர் திரும்பிப் பார்த்தார். “மீன் உன்னோடது. பேசின் என்னோடது. கழுவி வை, வந்து வாங்கிக்கிறேன்.”

மீனைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, கடையின் பின்பக்கக் குழாயில் பேசினைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கழுவக் கழுவ எனக்கு ஆத்திரம்தான் ஏறியது. அந்த அம்மாள் மேல்தான் ஆத்திரம். கரண்ட்காரனை விட்டுவிட்டார், கம்பெனியை விட்டுவிட்டார், மாதச் சம்பளத்துக்கு நிற்கிற என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் கிடைத்தவளைத்தானே அடிக்க முடியும்.

*

“நான் பொறுப்பு” என்பது என் வாயில் தானாக முளைத்த வார்த்தை இல்லை. அதை நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் மேனேஜர். திங்கட்கிழமை தோறும் கடை திறக்குமுன் எங்களை வட்டமாக நிறுத்தி வைத்துப் பேசுவார். “கம்பெனி பொறுப்புன்னு சொல்லாதீங்க. கம்பெனிக்கு முகம் கிடையாது. உங்களுக்கு இருக்கு. ஜனங்க முகத்தைப் பாத்துத்தான் காசை எடுப்பாங்க. நான் பொறுப்புன்னு சொல்லுங்க. நெஞ்சுல கை வெச்சுச் சொல்லுங்க. உங்க நம்பரை எழுதிக் குடுங்க.” பிறகு ஒவ்வொருவராகச் சொல்லிக் காட்ட வேண்டும். வாஷிங்மெஷின் பகுதி அண்ணன் சொன்னால் கடன் கேட்கிற மாதிரி இருக்கும். நான் சொன்னால் மேனேஜரே கைதட்டுவார். அதனால் கடையில் எனக்குக் ‘கேரண்டி’ என்றே பெயர். “கேரண்டி, உன் கஸ்டமர் வந்திருக்காங்க” என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மேனேஜரின் அறைக்குப் போனபோது வாசனை ஸ்ப்ரேயை மூலைக்கு மூலை அடித்துக்கொண்டிருந்தார். மீனும் மல்லிகையும் கலந்து குமட்டியது.

“என்னம்மா இப்படிப் பண்ணிட்ட? பொறுப்புன்னு எதுக்கு வாயைக் குடுத்த?”

“நீங்கதானே சார் சொல்லச் சொன்னீங்க?”

“நானா? நம்பிக்கையாப் பேசுன்னு சொன்னேன். கேஸ் வாங்கிட்டு வான்னு சொன்னேனா?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஏதோ நல்ல நகைச்சுவை சொல்லிவிட்ட மாதிரி எனக்கும் சிரிக்க இடம் கொடுத்துக் காத்திருந்தார். நான் சிரிக்கவில்லை. உடனே குரலில் தேன் வழிந்தது.

“பாரு, நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி. உன்னை விட்டுருவேனா? அந்தம்மாவை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். அவங்க முன்னாடி ஒரு மன்னிப்பு கேட்டுரு. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுரு. அவங்களுக்கு அடுத்த தடவை வாங்குறப்போ ஒரு தள்ளுபடி குடுத்து அனுப்பிருவோம். விஷயம் முடிஞ்சுது.”

தாளை வாங்கிப் படித்தேன். கடையின் அனுமதி இல்லாமல், என் சொந்த விருப்பத்தில், என் சொந்தப் பொறுப்பில் அந்த வாடிக்கையாளருக்கு உறுதி கொடுத்தேன் என்று இருந்தது. என் பெயரைக்கூட அடித்துத் தயாராக வைத்திருந்தார்கள். கீழே கோடு மட்டும்தான் காலி.

“இதுல போட்டா என்ன சார் ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது. சும்மா ஃபைலுக்கு.”

“போடலேன்னா?”

“போடாம எங்கம்மா போவ?” என்றார். தேன் அந்த இடத்தில் தீர்ந்துவிட்டது.

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். படித்துப் பார்த்துப் போடுகிறேன் என்றதற்கு, “படிக்க என்ன இருக்கு?” என்றார். படிக்க ஒன்றும் இல்லாத தாளில்தான் நம்மைக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள்.

*

வீட்டுக்குப் போனால் வக்கீல் நோட்டீஸ் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. மீன்காரம்மா அதை அனுப்பிவிட்டுத்தான் கடைக்கு வந்திருக்கிறார். என் வீட்டுக்காரர் பஸ் டெப்போவில் மெக்கானிக். கிரீஸ் கையோடு அதை வாங்கியிருக்கிறார். உறைமேல் அவருடைய கட்டைவிரல் முழுசாகப் பதிந்திருந்தது.

“என்ன இது? உம் பேருக்கு வந்திருக்கு? நஷ்டஈடு குடுக்கணும், இல்லேன்னா கோர்ட்டுங்குறான்?”

சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை இது: “உனக்கு வாய் நீளம்னு நான் எப்பவோ சொன்னேன்.”

அந்த வாய் சம்பாதித்துத்தான் இந்த வீட்டுக்கு வாடகை போகிறது. அதைச் சொல்லிவிட்டு வெங்காயத்தை நறுக்க உட்கார்ந்தேன். வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று. எதற்குக் கண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை. கோர்ட் படியில் என் அப்பா ஒரு முறை சாட்சி சொல்ல ஏறி, அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே போகாதவர். நானோ எதிராளியாக ஏறப்போகிறேன். பக்கத்தில் கடைக்காரன் நிற்க மாட்டான். நான் ஒருத்திதான் நிற்பேன். நெஞ்சுக்குள் அதுதான் சுற்றிச் சுற்றி வந்தது.

வேறு வழி இல்லாமல் நாத்தனாரைக் கூப்பிட்டோம். அவள் வக்கீல். என்னைவிடச் சின்னவள், ஆனால் எதிரில் உட்கார்ந்தால் நம்மைக் கூண்டில் ஏற்றிய மாதிரிதான் கேள்வி கேட்பாள். எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை கொஞ்ச நாளாகவே சரியில்லை. எங்கள் கடையில் என் மூலமாக ஒரு மிக்சி வாங்கினாள். அது புகைந்துபோனது. அவ்வளவுதான்.

“வாங்க அண்ணி” என்றாள் என் வீட்டுக்குள்ளேயே, என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. “எனக்கு மிக்சி வித்த அதே வாயா?”

“இப்ப அது ரொம்ப முக்கியமா?”

“முக்கியம்தான். எனக்கும் நெஞ்சுல கை வெச்சுத்தானே சொன்னீங்க?” நோட்டீசைப் படித்தாள். அடுத்து மேனேஜர் கொடுத்த தாளைப் படித்தாள். அதைப் படித்து முடித்ததும் அவள் முகத்தில் கிண்டல் போய்விட்டது. “இதுல கையெழுத்துப் போட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“போட்டா அவ்வளவுதான். கேளுங்க அண்ணி. கடையில வேலை பாக்குறவங்க, கடை சொல்லச் சொன்னதைச் சொல்லி வித்தா, பொருள் சரியில்லேன்னா பொதுவா அதுக்குக் கடைதான் பதில் சொல்லணும். உங்களைத் தனியாப் பிடிக்கறதுக்கு ரெண்டு வழிதான் முக்கியமா இருக்கு. ஒண்ணு, இது கடை குடுத்த வாக்கு இல்ல, நானே என் சொந்தத்துல குடுத்தேன்னு நீங்களே ஒத்துக்கறது. அந்த வழியை உங்க மேனேஜர் அழகா டைப் அடிச்சே குடுத்துட்டார்.”

“ரெண்டாவது?”

“பொய்யின்னு தெரிஞ்சே சொல்றது. தெரிஞ்சு ஏமாத்தினா முதலாளி சொன்னார்னு தப்பிக்க முடியாது. அதனால இப்ப எங்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. ஒரு பகல் தாங்காதுன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?”

“தாங்கும்! தினம் என் கண்ணால பாக்குறேன்!”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கடைக்குள் வாசலை ஒட்டி நிற்கிற டெமோ பெட்டியைப் பற்றிச் சொன்னேன். காலையில் கடை திறந்ததும் மேனேஜர் வந்து, எல்லார் முன்னாலும் அதன் பிளக்கைப் பிடுங்குவார். பிளக்கைக் கைப்பிடியிலேயே தொங்கவிடுவார், போகிற வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று. சாயங்காலம் கூட்டம் கூடும்போது மூடியைத் திறந்து, ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து மேசையில் தட்டிக் காட்டுவார். டக் டக் என்று கல் மாதிரிச் சத்தம் வரும். அந்தச் சத்தத்தில்தான் பாதிப் பேர் காசை எடுப்பார்கள். நானும் அந்தச் சத்தத்தை நம்பித்தான் நெஞ்சில் கை வைத்தேன்.

“பெட்டிக்குள்ள என்ன இருக்கும்?”

“மேல ஐஸ்கிரீம் டப்பா, பட்டாணிப் பாக்கெட்டு. கீழ தண்ணி பாட்டில்.”

“தண்ணி பாட்டில் எதுக்கு?”

“நாங்க குடிக்கத்தான். காலையில ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குவோம், உருக உருகக் குடிப்போம். ராத்திரி மூடுறப்போ நிரப்பி வெச்சுட்டுப் போவோம். மேல் வரிசையில மட்டும்தான் எடுக்கணும். அடி வரிசையைத் தொடக் கூடாது.”

“ஏன் தொடக் கூடாது?”

“அவசரத்துக்கு இருக்கட்டும்னு...”

சொல்லிக்கொண்டே வந்தவள் அங்கே நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். “பெட்டி பூரா பனிக்கட்டியா அடுக்கி வெச்சா, பெட்டி எதுக்கு? அதுவே தாங்குமே.”

ஒரு பெட்டி நிறையப் பனிக்கட்டி. பாதி பெட்டி மீன் வைத்திருந்த அந்த அம்மாளிடம் அது ஏது? ஐஸ் போடட்டுமா என்று மகள் கேட்டபோது வேண்டாம் என்று சொன்னதும் என் வார்த்தையை நம்பித்தான்.

எனக்கு என்ன வந்தது என்று சொல்கிறேன். வெட்கம் இல்லை, பயமும் இல்லை. உச்சந்தலைவரை ஒரே எரிச்சல். மூன்று வருஷமாக அந்த ஏமாற்று வேலைக்குக் குழாயடியில் நின்று தண்ணீர் பிடித்துக் கொடுத்தது நாங்கள். அதில் ஒரு பாட்டிலைக் குடிக்கவும் கொடுத்தான். முதல் கோடையில், “எங்க மேல இவ்வளவு அக்கறையா சார்” என்று நன்றி வேறு சொன்னேன். ‘அதெல்லாம் நம்ம கடமைம்மா’ என்று தலையை ஆட்டினான். இந்த இடத்திலிருந்து மேனேஜரை ‘அவன்’ என்றுதான் சொல்லப்போகிறேன். வயதில் பெரியவன்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

“எனக்குத் தெரியாது” என்றேன் நாத்தனாரிடம்.

“நான் நம்புறேன் அண்ணி. ஆனா மூணு வருஷமா அதையே குடிச்சிருக்கீங்களே, தெரியாதான்னு எதிர் வக்கீல் கேப்பான். அதனால வெள்ளிக்கிழமை போங்க, கையெழுத்துப் போடாதீங்க, வாயைத் திறக்காதீங்க. பாட்டில்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

“சரி” என்றேன்.

“நிஜமாவே சரியா, இல்ல மிக்சிக்குச் சொன்ன சரியா?”

நான் மேனேஜரின் தாளை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

*

வெள்ளிக்கிழமை கடையில் கூட்டம். காலையில் வழக்கம்போல அவன் பிளக்கைப் பிடுங்கித் தொங்கவிட்டான். வாங்க வந்த யாருடைய குழந்தையையோ தூக்கி அந்தப் பிளக்கைத் தொட வைத்துச் சிரித்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு துணியால் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மீன்காரம்மா வந்தார். இந்த முறை வெறுங்கை. கழுவிய பேசின் என் மேசைக்கு அடியில் இருந்தது. அவரை உட்கார வைத்து, பழச்சாறு வரவழைத்து, மேனேஜர் என்னைக் கூப்பிட்டான். தன் அறைக்குள் அல்ல. டெமோ பெட்டிக்குப் பக்கத்தில், எல்லாரும் பார்க்கிற இடத்தில். கடை எவ்வளவு நியாயமாக நடந்துகொள்கிறது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

“அம்மா, எங்க ஸ்டாஃப் ஒருத்தர் அவசரப்பட்டு வாய் தவறி உங்களுக்கு ஒரு வாக்கு குடுத்துட்டாங்க. கடைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அவங்களே அதை எழுத்துல குடுக்குறாங்க. மன்னிப்பும் கேக்குறாங்க. என்னம்மா?”

நான் பையில் கொண்டுவந்த தாளை வாங்கி மேசைமேல் விரித்து, பேனாவை நீட்டினான். பழச்சாற்றைத் தொடாமல் மீன்காரம்மா என்னைப் பார்த்தார். பார்வையில் கொஞ்சமும் இரக்கம் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கு அந்தக் கடையில் நடிக்காத முகம் அது ஒன்றுதான்.

நாத்தனார் சொன்னது காதில் கேட்டது. வாயைத் திறக்காதீங்க. சரி, வாயைத்தானே திறக்கக் கூடாது. நான் பெட்டியின் மூடியைத் திறந்தேன்.

“ஏய், என்ன பண்ற? சாயங்காலம்தானே திறக்கணும்?”

ஐஸ்கிரீம் டப்பாக்களை எடுத்து மேசைமேல் வைத்தேன். பட்டாணிப் பாக்கெட்டுகளை எடுத்தேன். பிறகு மேல் வரிசைப் பாட்டில்கள். விரல் மரத்துப்போனது. வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் சிரிப்பை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். நான் குனிந்து அடியில் கையை விட்டேன்.

“அடி வரிசையைத் தொடாதே!”

கத்தியேவிட்டான். கடை முழுக்கக் கேட்டது.

மீன்காரம்மா எழுந்தார். “ஏன்? அடியில என்ன இருக்கு?”

“அது... அது ஒண்ணும் இல்லம்மா. தண்ணி.”

“தண்ணியைத் தொட்டா என்ன?”

அவர் என்னைத் தள்ளிவிட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் ஒரு விரல் நுழைய இடமில்லாமல் அடுக்கியிருந்தது. மீன் விற்கிறவருக்கு ஐஸைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒரு பாட்டிலைப் பிடுங்கி எடுத்தார், கையில் எடை பார்த்தார், மேசையில் தட்டினார். டக் டக்.

“இதை வெச்சுத்தான் சாயங்காலம் சாயங்காலம் டப்பாவைத் தட்டிக் காட்டுறீங்களா?” என்றார் மெதுவாக. பிறகு மெதுவாக இல்லை. “அடப்பாவிகளா! ஐஸை அடியில ஒளிச்சு வெச்சுக்கிட்டு, ஐஸே வேணாம்னு எனக்குப் பெட்டி வித்தீங்களாடா?”

டிவி வாங்க வந்த ஒருவர் தன் மனைவியிடம் “நாம அப்புறம் வரலாம்” என்றார். மேனேஜரின் முகத்தில் வியர்வை. ஆனாலும் அவன் ஆள் லேசுப்பட்டவன் இல்லை. சட்டென்று விரலை என் பக்கம் திருப்பினான்.

“அது ஸ்டாஃப் குடிக்கிற தண்ணிம்மா! இவங்களைக் கேளுங்க. மூணு வருஷமா தினம் இதைக் குடிச்சுக்கிட்டு இருக்காங்க. இவங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் உங்களை ஏமாத்தியிருக்காங்க!”

நாத்தனார் சொன்ன அதே கேள்வி. எதிர் வக்கீல் தேவைப்படவில்லை. எனக்குச் சம்பளம் கொடுக்கிறவனே கேட்டுவிட்டான். இனிமேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

“ஆமா, குடிச்சேன்!” என்றேன். “நீங்க அக்கறையில குடுக்குறீங்கன்னு நினைச்சுக் குடிச்சேன். இது எதுக்குன்னு தெரிஞ்சு அடுக்கச் சொன்னது நீங்க. அதனாலதான் அடி வரிசையைத் தொடாதேன்னு இன்னிக்கும் கத்துனது நீங்க. தெரியாம அடுக்குனது நாங்க. நெஞ்சுல கை வெச்சுச் சொல்லுன்னு வட்டமா நிக்க வெச்சுச் சொல்லிக் குடுத்தது யாரு சார்? நான் சொன்னப்போ கைதட்டுனது யாரு?”

“பொய். நான் சொல்லல. யாராவது சொல்லட்டும்.”

யாரும் சொல்லவில்லை. பத்து பேர் நின்றார்கள், பத்து பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் வீடு இருக்கிறது, வாடகை இருக்கிறது, எனக்குத் தெரியாதா? ஆனாலும் அன்றைக்கு அவர்கள் மேல் வந்த கோபம் இன்னும் எனக்குத் தணியவில்லை. கடைசியில் வாஷிங்மெஷின் அண்ணன், அதே கடன் கேட்கிற குரலில், தரையைப் பார்த்தபடியே சொன்னார். “திங்கட்கிழமை தோறும் சொல்லிக் காட்டுவோம் சார். எனக்குத்தான் சரியா வராது.”

மேனேஜர் அவரை முறைத்தான். பிறகு என்னை. “நாளையிலிருந்து நீ வர வேண்டாம்.”

“வரல. இன்னிக்குச் சாயங்காலம் இந்தப் பெட்டியைக் கூட்டத்துக்கு முன்னாடி திறப்பீங்கல்ல? அதைப் பாத்துட்டுப் போறேன்.”

அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கையெழுத்துப் போட வேண்டிய தாள் மேசைமேல், வெளியே வியர்த்திருந்த ஐஸ்கிரீம் டப்பாவுக்கு அடியில் நனைந்துகொண்டிருந்தது. நான் மேசைக்கு அடியிலிருந்து பேசினை எடுத்து மீன்காரம்மாவிடம் கொடுத்தேன்.

“நல்லாத்தான் கழுவியிருக்க” என்றார். பாட்டில்களை அதில் அடுக்க ஆரம்பித்தார். அடி வரிசைப் பாட்டில்கள் மட்டும். “வக்கீலுக்குக் காட்டணும்.”

“போறதுக்குள்ள உருகிடும்க்கா.” பழக்கத்தில் அக்கா என்று வந்துவிட்டது. இந்த முறை அவர் அதட்டவில்லை. என் செல்போனில் அடுக்கின இடத்தையும் பாட்டில்களையும் படம் எடுத்து, அட்டையில் இருந்த நம்பரிலிருந்தே அவருக்கு அனுப்பினேன்.

“இப்ப நான் கேஸை வாபஸ் வாங்குவேன்னு பாக்குறியா?”

“இல்ல.”

“உன் பேரை எடுப்பேன்னு?”

அதை எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். வேலையைத் தூக்கி எறிந்தாகிவிட்டது, உள்ளதையெல்லாம் போட்டு உடைத்தாகிவிட்டது, இதற்குக்கூட ஒரு பலன் இல்லையா என்றுதான் மனசு கேட்டது. நாக்கின் நுனிவரை வந்தது.

“எடுக்க மாட்டேன்” என்றார் அவர். “உனக்குத் தெரியாதுன்னே வெச்சுக்குவோம். குடிச்சியோ, குளிச்சியோ, எனக்கு அது வேண்டாம். எம் மகளைப் பேசாம இருடின்னு நான் அதட்டுனது உன் வார்த்தையை நம்பி. கடை மூஞ்சியை நான் பாக்கல. உன் மூஞ்சியைத்தான் பாத்தேன்.”

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. அவர் சொன்னதில் எதை மறுப்பது? அந்த முகத்தைக் கொடுத்து விற்றது நான்தானே.

“எடுக்க வேண்டாம். இருக்கட்டும். ஆனா நோட்டீஸ்ல என் பேரு மட்டும்தான் இருக்கு. அதை மட்டும் மாத்துங்க. முதல்ல கடை. அடுத்து அவன். என் பேரு மூணாவதா வரட்டும்” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மீன் வாங்க வருகிறவர்களை எடை போடுகிற பார்வையாக இருக்கும்.

“மூணாவதா வந்து நின்னு, இன்னிக்கு இங்க சொன்னதை அங்கேயும் சொல்லுவியா? அடி வரிசையைத் தொடாதேன்னு அவன் கத்துனதை?”

கை தானாக நெஞ்சுக்குப் போனது. மூன்று வருஷப் பழக்கம். ‘நான் பொறுப்புக்கா’ என்று வாய் தயாராக வைத்திருந்தது. கையை இறக்கினேன். நாக்கையும் கடித்து நிறுத்தினேன்.

“வருவேன். கேட்டா சொல்லுவேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்.”

“அது போதும்” என்றார் மீன்காரம்மா. பேசினின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு பக்கத்தைக் கண்ணால் காட்டினார். “என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? ஆட்டோ வரைக்கும் பிடி.”

பிடித்தேன். கனமாக இருந்தது. கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு இரண்டு பேரும் வெளியே வந்தோம்.